பொதுவாச் சொன்னால், ஆரைச் சொன்னது?

'நான் பொதுவாச் சொன்னனான், உங்களை இல்லை.' இதைவிடப் பொறுப்பில்லாத வசனம் தமிழில் இருக்கா என்று எங்களுக்குத் தெரியாது. கலியாண வீடு, பஸ், வட்ஸ்அப் குழு, இலக்கிய மேடை, ஏன் எங்கட வாசிப்பு வட்டம்கூட விதிவிலக்கில்லை. ஒருவர் ஒரு சமூகத்தைப் பற்றி ஒரு வசனத்தை எடுத்து விடுவார். அந்தச் சமூகத்து ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது பிறகுதான் தெரியவரும். உடனே 'பொதுவா' என்ற குடை விரியும். சொன்னவர் நனையமாட்டார். கேட்டவர் கோபப்பட்டால், அவருக்குத்தான் விளக்கம் காணாது என்று ஆகிவிடும்.

சரி, உங்களை இல்லையென்றால் ஆரை? பக்கத்து வீட்டுக்காரரை இல்லை, அவர் நல்ல மனுசன். முக்குக் கடைக்காரரை இல்லை, அவர் கடன் தருகிறவர். கூடப் படித்தவளை இல்லவே இல்லை. இப்படித் தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் வசனம் மட்டும் அப்படியே நிற்கிறது. அது எதைப் பற்றி நிற்கிறது? மொழி மெய்யியலில் இது நூறு வருசத்துக்கு மேலாக அடிபடுகிற கேள்வி. எங்கட நாட்டில் இந்தக் கேள்விக்கு ஆட்கள் வீடு, வாக்கு, உயிர் என்று விலை குடுத்திருக்கினம். அதனால் இதைப் பேராசிரியர்மாரிடம் மட்டும் விட்டுவைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

முதலில் ஒரு வேறுபாடு. 'எல்லா', 'ஒவ்வொரு' என்று தொடங்குகிற கூற்று வேறு, அந்தச் சொற்கள் இல்லாத பொதுக்கூற்று வேறு. 'எல்லா நுளம்பும் டெங்கு பரப்பும்' பொய். 'நுளம்பு டெங்கு பரப்பும்' உண்மை, சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து சொல்லுகிற உண்மை. ஆனால் எண்ணிப் பாருங்கள். டெங்குவைப் பரப்புவது ஈடிஸ் வகை நுளம்பு. அதிலும் குத்துவது பெண் நுளம்பு. அதிலும் வைரஸ் தொற்றினது மட்டும்தான் பரப்பும். உலகத்து நுளம்புகளில் இது மிகச் சொற்பம். மறுபக்கம், 'காகம் முட்டை இடும்' என்றால் ஆரும் மறுக்கமாட்டார்கள். 'காகம் பெட்டை' என்றால் சிரிப்பார்கள். ஆனால் முட்டை இடுகிற காகம் எல்லாம் பெட்டைதானே! இடுகிறதைவிடப் பெட்டைகளின் தொகை குறைவாக இருக்கவே முடியாது. கூடின தொகைக்குப் பொருந்துகிற வசனம் பொய், குறைந்த தொகைக்குப் பொருந்துகிற வசனம் உண்மை. யானையும் அப்படித்தான். இலங்கையில் கொம்பன் யானை ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் எங்கட பிள்ளைகள் யானை கீறினால் தந்தம் இல்லாமல் கீறமாட்டார்கள்.

ஆக, பொதுக்கூற்றைத் தாங்கிப்பிடிப்பது எண்ணிக்கை கிடையாது. இதனால்தான் 'எல்லாரும் அப்படியில்லை' என்று நாங்கள் வழமையாகச் சொல்லுகிற பதில் எடுபடுவதில்லை. 'எல்லாத் தமிழரும் புலி' என்று ஒருவர் சொன்னால் புலியில்லாத ஒரு தமிழரைக் காட்டி அவரை மடக்கலாம். 'தமிழர் எண்டால் புலி' என்று சொன்னால் ஆயிரம் பேரைக் காட்டினாலும் மடக்க முடியாது. 'நீங்கள் விதிவிலக்கு' என்று தேத்தண்ணியும் தந்து அனுப்புவார்.

அப்ப அது எதைப் பற்றிய வசனம்? ஜேர்மன் கணித மெய்யியலாளர் பிரேகே 1884இல் எழுதிய புத்தகத்தில் 'திமிங்கிலங்கள் எல்லாம் பாலூட்டிகள்' என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு இதைக் கேட்டார். பார்த்த உடனே இது விலங்குகளைப் பற்றிய பேச்சு மாதிரித்தான் இருக்கு. ஆனால் எந்த விலங்கைப் பற்றி என்று கேட்டால் ஒன்றையும் காட்ட முடியாது. கண்முன்னால் ஒரு திமிங்கிலத்தைக் கொண்டுவந்து போட்டாலும் அந்த வசனம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'இது ஒரு திமிங்கிலம்' என்ற இன்னொரு வசனத்தைச் சேர்த்தால்தான் அது பாலூட்டி என்ற முடிவுக்கு வரலாம். ஆகவே அந்த வசனம் விலங்குகளைப் பற்றியது கிடையாது, இரண்டு கருத்துகளுக்கு இடையிலான உறவைப் பற்றியது என்றார் பிரேகே. தர்க்கத்துக்கு இது பெரிய வெற்றி. 'பொதுவாச் சொன்னனான்' மாமாவுக்கும் இது வசதி. தன்னை அறியாமலே அவர் பிரேகேயின் மாணவர்: நான் கருத்தைத்தான் சொன்னனான், ஆளை இல்லை.

இந்த வசதியை ஒரு நாடே எடுத்துக்கொண்ட கதை எங்களிடம் இருக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுங்கள். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேணும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேணும். வசனம் ஆளைப் பார்க்காதது, இனத்தைப் பார்க்காதது. மலையகத் தமிழர் என்ற பெயரே அதில் இல்லை. ஆனால் லயன் அறையில் பிறந்து, பாட்டன் பிறந்ததற்கு ஒரு துண்டுப் பத்திரமும் இல்லாத சனம் ஆரென்று அதை எழுதினவர்களுக்குத் தெரியும். மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருசம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசாவுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றார்கள்.

ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்கிற சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று அன்றைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. வழக்குப் போட்டார்கள். 1951இல் உயர் நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைப் பார்த்தது. சொற்களில் எந்தச் சமூகமும் இல்லை. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1953இல் கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கின் தீர்ப்பு வந்தது. அதை இளம் வாசகர்கள் ஒருக்கால் தேடி வாசிக்கவேணும். நேரடியாகச் செய்யக்கூடாததைச் சுற்றிவளைத்துச் செய்தாலும் சட்டம் செல்லுபடியாகாமல் போகலாம் என்று கொள்கையளவில் ஒத்துக்கொள்கிறார்கள். பிறகு, இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரசைகளாக இருக்கத் தகுதியா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள உண்மை என்கிறார்கள். அதற்கும் மேலே போய், இதற்கும் அவர்கள் ஒரு சமூகம் என்பதற்கும் சம்பந்தமில்லையாம்.

எங்களுக்கு இந்தப் பகுதியை வாசித்தபோது வயிறு எரிந்தது. 'இந்தியத் தமிழர் இடம்பெயருவார்கள்' என்பது ஒரு சமூகத்தின் பெயரை எழுவாயாக வைத்த பொதுக்கூற்று. எழுவாய் அந்தச் சமூகம், ஆனால் பேச்சு அந்தச் சமூகத்தைப் பற்றியது கிடையாதாம்! கூற்றின் வரலாற்றையும் பாருங்கள். காப்பிக் காலத்தில் பறிக்கிற பருவத்துக்கு வந்து, முடியத் திரும்பிப் போன தொழிலாளர் இருந்தார்கள், அது உண்மை. தேயிலை வந்த பிறகு கதை மாறியது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேணும், குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். காப்பி செத்து எழுபது வருசத்துக்குப் பிறகும் வசனம் சாகவில்லை. ஒரே மலையில் மூன்று தலைமுறை கவ்வாத்து வெட்டின குடும்பங்களைக் காட்டினாலும் அது சாகாது. நுளம்புக் கணக்குத்தான்: சிலர் போய்வந்தால் போதும், இனமே போய்வருகிற இனம்.

வடக்கார் நாங்கள் இதில் நீதிபதிகளை மட்டும் ஏசிவிட்டுப் போகமுடியாது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் லண்டனில் செய்தது இல்லை. அந்தச் சொல் ஒரு முழுப் பொதுக்கூற்றையும் காய்ச்சி இறுக்கி ஒரு பெயராக்கினது. பெயராகிவிட்டால் மறுக்கவே முடியாது. ஏனென்றால் மறுக்கிறதற்கு அங்கே வசனமே இல்லை. 1977 வன்முறைக்குப் பிறகு வன்னிக்கு வந்த மலையகச் சனத்தை வயலிலும் தோட்டத்திலும் மலிவான கூலியாக வைத்திருந்தவர்கள் இந்த ஒற்றைச் சொல்லாலேயே எல்லாவற்றையும் நியாயப்படுத்தினார்கள்.

இனி எங்கட மொழிக்கு வருவோம். 1977இல் அமெரிக்க மொழியியலாளர் கிரெக் கார்ல்சன், ஆங்கிலத்தில் சுட்டுச்சொல் எதுவும் ஒட்டாத பன்மைப் பெயர் ஒரு இனத்தின் பெயராகவே நிற்கிறது என்று வாதிட்டார். தமிழில் அதற்குப் பன்மையும் தேவையில்லை. 'காகம் கரையும்' என்றால் போதும், ஒரு காகமும் வரலாம், காக இனமும் வரலாம். எங்களைப் பொறுத்தவரை தமிழில் முக்கியமான இடம் பெயர் கிடையாது, வினை. மூன்று காலத்திலும் இயல்பாக நடக்கிறதைச் 'செய்யும்' என்ற வடிவத்தில் சொல்லச் சொன்னது தொல்காப்பியம். மலை நிற்கும், தீ சுடும். அந்த வடிவத்தைத்தான் இன்றைக்கு எதிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மனிதருக்கு வரும்போது அது 'செய்வார்கள்' ஆகும், யாழ்ப்பாணப் பேச்சில் 'செய்வினம்'. ஆக, தமிழில் இயல்பைச் சொல்லுகிற வாய்பாடும் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லுகிற வாய்பாடும் ஒன்று. 'உவை காட்டிக்குடுப்பினம்' என்றால், அது அவர்கள் சுபாவம் என்றும் கேட்கும், நாளைக்குச் செய்யப்போகினம் என்றும் கேட்கும். நேற்று ஆர் எதைச் செய்தது என்ற கேள்விக்கு அந்த வினையில் இடமே இல்லை.

தீ சுடும் என்று பிள்ளைக்குச் சொல்ல இந்த வடிவம் நல்ல வடிவம். பிள்ளை ஒவ்வொரு நெருப்பையும் தொட்டுப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. கேம்பிரிட்ஜில் பிராங் ராம்சி என்ற இளைஞர் 1929இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பிடித்தது. (அவர் 26 வயதில், அடுத்த வருசத் தொடக்கத்தில் இறந்துவிட்டார். கட்டுரை அவர் இறந்த பிறகுதான் அச்சானது.) எல்லையில்லாத பொதுக்கூற்றை உலகத்தைப் பற்றிய ஒரு விபரமாக எடுக்காதீர்கள் என்றார் ராம்சி. இனிமேல் இப்படியான ஒன்றைச் சந்தித்தால் அதை இப்படித்தான் எடுத்துக்கொள்வேன் என்று நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொள்கிற விதி அது.

எங்களுக்குப் பிரேகேயைவிட ராம்சி பயனுள்ளவர். ஏனென்றால் ராம்சி சொன்னதை இந்த நாட்டில் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் செய்து காட்டியது. அடையாள அட்டையை நீட்டுகிறோம், பெயரும் பிறந்த இடமும் வாசிக்கப்படுகிறது, 'இது ஒரு திமிங்கிலம்' என்ற இரண்டாவது வசனம் பூர்த்தியாகிறது. ஆமிக்காரன் மனதில் இருந்த பொதுக்கூற்று எங்களைப் பற்றியது இல்லை என்று பிரேகே சொல்லலாம். பஸ்சால் இறக்கி வரிசையில் விடப்படுவது நாங்கள்தான். பொதுக்கூற்றுக்கு எழுவாய் இல்லாமல் இருக்கலாம், அதற்கு விலாசம் இருக்கு. அடுத்ததாக வருகிற ஆள்தான் அந்த விலாசம்.

1990 ஒக்டோபரில் அந்த விலாசம் சோனகத்தெரு. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி குடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காட்டிக்கொடுத்தவர் என்று ஆரையாவது பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டி விசாரித்திருந்தால், சரியோ பிழையோ, அங்கே ஒரு வசனத்துக்கு ஒரு எழுவாயாவது இருந்திருக்கும். வயது போன தையல்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் என்ன செய்தவை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் செய்வதுதான் 'செய்வினம்' என்ற வினையின் வேலை. இன்றைக்கும் இதைப் பற்றிக் கதைத்தால், 'அந்த நேரத்துச் சூழல் உங்களுக்குத் தெரியாது தம்பி' என்று ஒருவர் வருவார். சூழல் எங்களுக்குத் தெரியும். அதே வருசங்களில் எங்கட அண்ணன்மாரை 'தமிழ்ப் பெடியன்' என்ற ஒற்றைத் தகுதியில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனதும் அந்தச் சூழல்தான். வடிவத்தில் இரண்டும் ஒரே வசனம். எங்களுக்கு அது விழுந்தபோது அநியாயம் என்று விளங்கினது, எங்கட வாயால் வந்தபோது 'பாதுகாப்பு' என்று விளங்கினது.

ஏன் இந்த வசனங்கள் இவ்வளவு லேசாக ஒட்டிக்கொள்ளுகின்றன? அமெரிக்க மெய்யியலாளர் சாரா-ஜேன் லெஸ்லி 2007 தொடக்கம் எழுதிவருகிற பதில் இது: ஆபத்தான, பயப்படுத்துகிற இயல்பு என்றால் மனித மனம் கணக்குப் பார்க்காது. சில சுறாக்கள் கடித்தால் போதும், 'சுறா மனிசரைத் தாக்கும்'. காட்டில் வாழ்ந்த உயிரினத்துக்கு இது உதவின புத்தி. அதே புத்தி மனிதக் கூட்டங்கள் பக்கம் திரும்பும்போது என்ன நடக்கும் என்று 2017இல் அவர் எழுதின கட்டுரையில், முஸ்லிம்களைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துப் பேசுகிற பேச்சையே உதாரணமாக எடுத்தார். இரண்டு வருசத்தில் நாங்கள் அதை நேரில் பார்த்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஒரு சிறு குழு 250க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் எங்கட சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். அடுத்த மாதம் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் எரிந்த கடைகளின் முதலாளிமார் அந்தக் குழுவின் ஆட்கள் கிடையாது. அவர்கள் அடுத்த விலாசம். அந்த நாட்களில் எங்கட தமிழ் வட்ஸ்அப் குழுக்களில் ஓடின வசனங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். 1983இல் எங்களைப் பற்றி ஓடினவற்றில் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

சின்னதிலேயே இது தொற்றும் என்பதற்கும் ஆய்வு இருக்கு. 2012இல் மார்ஜரி ரோட்ஸும் லெஸ்லியும் இன்னொருவரும் நாலு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் 'சார்பி' என்ற கற்பனைச் சனத்தைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டினார்கள். சிலருக்குப் பொதுவாக: சார்பிகள் இப்படிச் செய்வார்கள். சிலருக்குத் தனித்தனியாக: இந்த சார்பி இப்படிச் செய்கிறார். பொதுவாகக் கேட்டவர்கள்தான் சார்பி என்பது பிறப்போடு வருகிற ஒரு சாதி, அதன் இயல்பு இரத்தத்தில் ஊறினது என்று கூடுதலாக நினைத்தார்கள். படங்கள் ஒன்றுதான், மாறினது வசனத்தின் வடிவம். தமிழ்ப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மெய்யியலில் இயற்கை வகைக்கும் எங்கட அரசியலில் சனக்கூட்டத்துக்கும் நாங்கள் பாவிக்கிற சொல் ஒன்றேதான், 'இனம்' என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இப்போது கேள்வி வரும். புள்ளிவிபரம் உண்மை என்றால் சொல்லக்கூடாதா? சொல்லலாம். ஆனால் சாலி ஹஸ்லாங்கர் என்ற பெண்ணிய மெய்யியலாளர் 2011இல் காட்டின ஒரு விசயத்தைப் பாருங்கள்: 'பெண்கள் பணிந்து போவார்கள்' என்ற கூற்று ஒரு சமூகத்தில் எண்ணிக்கைப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது சொல்லாமல் சொல்லுவது, பெண் என்பதாலேயே பணிகிறாள் என்று. பணியவைத்தவர்கள் வசனத்தில் இல்லை. 'தோட்டத்துப் பிள்ளையளுக்குப் படிப்பு ஏறாது' என்று சொல்லுகிறவர் பரீட்சை முடிவுகளைக் கையில் வைத்திருக்கலாம். அந்தத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான் என்பது அவர் வசனத்தில் இல்லை.

இன்னொரு கேள்வி, எங்கட பக்கத்தில் இருந்தே வரும்: அப்ப ஒடுக்குமுறையைப் பற்றியும் பொதுவாகக் கதைக்கக்கூடாதா? அது வேறு விசயம். செஸ்ஸில் குதிரை 'ட' மாதிரிப் பாயும். அது குதிரையின் சுபாவம் கிடையாது, விளையாட்டின் சட்டம், புத்தகத்தைத் திறந்து காட்டலாம். 'பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆட்களை வழக்கில்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும்' என்ற பொதுக்கூற்றும் அந்த வகை. 1979இல் எழுதின 9ஆம் பிரிவைத் திறந்தால் 18 மாதம் வரை என்று இருந்தது, 2022 திருத்தம் அதை 12 ஆக்கியது. சட்டம் மாறினால் கூற்று பொய்யாகும். 'சிங்களவர் எண்டால் உப்பிடித்தான்' என்ற கூற்றை எது பொய்யாக்கும்? ஒன்றும் ஆக்காது. அதனால்தான் அது அரசாங்கத்துக்குப் பாதுகாப்பு. கையெழுத்து வைத்த அமைச்சரும் உத்தரவு போட்ட அதிகாரியும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சனத்துக்குள் ஒளிந்துவிடுகிறார்கள். ஒரு சமூகத்தை முழுக்கக் குற்றஞ்சாட்டுகிறவர் குற்றவாளியைத் தப்பவிடுகிறார்.

ஆகவே 'எல்லாரும் அப்படியில்லை' என்று இனிச் சொல்லவேண்டாம் என்பது எங்கட கோரிக்கை. அது எதிராளியின் வசனத்தை ஏற்றுக்கொண்டு விதிவிலக்குக் கேட்கிற கெஞ்சல். வினையை இறந்தகாலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 'உவை காட்டிக்குடுப்பினம்' என்றால், 'ஆர் குடுத்தது? எப்ப? எந்த ஊரில்?' இறந்தகாலத்துக்கு வந்தவுடன் வசனத்துக்கு ஒரு எழுவாய் தேவைப்படும், எழுவாய்க்கு ஒரு பெயர் தேவைப்படும், பெயருக்கு ஆதாரம் தேவைப்படும். பலர் அந்த இடத்திலேயே 'பொதுவாச் சொன்னனான்' என்று குடையைத் தேடுவார்கள். விடாதீர்கள், திரும்பவும் ஆரை என்று கேளுங்கள்.

'ஆண்கள்' என்று தொடங்குகிற வசனங்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒரு முடிவில்லை. இரவில் தனியே பஸ்சில் வருகிற ஒரு பெண்ணுக்கு, சுறாவைப் பற்றிய புத்தி தேவையான புத்திதான், அவளிடம் போய் எழுவாய் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை என்று எங்களில் சிலர் சொல்லுகினம். அதே வடிவத்தைப் பாவித்துக்கொண்டு மற்றவர் பாவிக்கும்போது எப்படி மறிப்பது என்று மற்றவை கேட்கினம். பயப்படுகிறவளின் விதியும் துவக்கு வைத்திருக்கிறவனின் விதியும் ஒன்றா என்ற இடத்தில் போன கிழமைச் சந்திப்பு நின்றது. பெரும்பாலும் வாற கிழமையும் அங்கேதான் தொடங்கும்.